நடு ராத்திரியில் நெஞ்சு "படபட"! ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. வலி மட்டும் போகவில்லை!

நெல்லை டவுன் ரத வீதி. ராத்திரி மணி 2. தெருவில் ஈ, காக்கை கிடையாது. சந்துக்குள் ஒரு வீட்டில் மட்டும் திடீர் என்று லைட் எரிகிறது.

உள்ளே ஒருவர் பாயில் எழுந்து உட்கார்ந்து இருக்கிறார். வயது 38. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். இடது நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்து இருக்கிறார். சட்டை போடாத உடம்பில் வியர்வை ஓடுகிறது. இருதயம் அடிக்கிற சத்தம் அவர் காதுக்கே கேட்கிறது!

"ஏளா, எந்திரி. எனக்கு நெஞ்சு என்னமோ செய்யுது."

மனைவி பதறி எழுந்தாள். "வாய்வாத்தான் இருக்கும். ராத்திரி புரோட்டா திங்காதிய, திங்காதியன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாத்தானே" என்று சொல்லிக்கொண்டே ஓமவாட்டர் பாட்டிலைத் தேடினாள். குடித்தார். கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். ஜங்ஷன் தாண்டி, சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது ஆட்டோ.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் படுக்க வைத்து, திரும்பவும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். விடிந்ததும் டாக்டர் வந்து, "இருதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை. பயப்படாமல் போங்கள்" என்று அனுப்பி வைத்தார்.

பத்தே நாள். திரும்பவும் ராத்திரி. திரும்பவும் "படபட". இந்தத் தடவை வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் மதுரை. அங்கேயும் ஒன்றும் இல்லை. பைல்தான் தடித்துக்கொண்டே போகிறது. பஸ்சில் வரும்போது மனைவியிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்:-

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லங்காவ. பொறவு எதுக்கு வலிக்கி?"

இவர் ஒரு ஆள் அல்ல. பெயரும் வேலையும் தெருவும்தான் மாறும். இப்படிப்பட்டவர்களை நெல்லையிலும் பார்க்கலாம், அம்பாசமுத்திரத்திலும் பார்க்கலாம், சென்னையிலும் பார்க்கலாம். நெஞ்சு வலி என்று அவசரப் பிரிவுக்கு ஓடி வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருதயத்தில் கோளாறு இருப்பது இல்லை. பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள், எங்கேயும் இதே கதைதான்.

அப்படியானால் ராத்திரி 2 மணிக்கு ஆட்டோ பிடித்தது தப்பா?

தப்பே இல்லை. முதல் தடவை அவர் செய்ததுதான் சரி. கோளாறு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

சோடாவும் ஏப்பமும்

நெல்லைச் சீமையில் நெஞ்சு வலிக்கு முதல் வைத்தியம் கடைத்தெருவிலேயே நடந்துவிடும். சோடாவில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு ஒரே மடக்கு. பெரிய ஏப்பமாக வந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "பாத்தேரா அண்ணாச்சி, வாய்வுதாம்வே!" வீட்டுக்கு வந்தால் சுக்கு, பெருங்காயம், ஓமம். இந்த வைத்தியம் பல தடவை பலித்தும் விடுகிறது. வயிற்று அமிலம் மேலே ஏறினால் நெஞ்சு எரியும், அடைக்கும். விலா எலும்பும் நடு எலும்பும் சேருகிற இடத்தில் வீக்கம் வந்தால் குத்தும். மூட்டை தூக்கிய தசைப்பிடிப்பும் நெஞ்சு வலி மாதிரியே இருக்கும்.

பல தடவை பலிப்பதுதான் ஆபத்து. பலிக்காத ஒரு தடவை ஆளையே கொண்டு போய்விடும்!

"அப்படிப் போடு" என்று தமிழ்நாட்டையே ஆட வைத்த பாடகர் கே.கே.யை மறந்திருக்க மாட்டார்கள். 2022 மே 31-ந்தேதி கொல்கத்தாவில் கச்சேரி முடித்து ஓட்டலுக்குத் திரும்பியவர் சாய்ந்தார். வயது 53. இருதய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது பிறகு தெரியவந்தது. செரிமானக் கோளாறு என்று நினைத்து அவர் அமிலத்துக்கான மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தார் என்று அப்போது செய்திகள் வெளியாயின.

ஆகவே இதை வெட்டு ஒன்று, துண்டு இரண்டாகச் சொல்லிவிட வேண்டும். நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்து அழுத்துவது போன்ற வலி. அது இடது கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுகிறது. கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல், வாந்தி, தலைச்சுற்றல். மாடிப்படி ஏறினால் வலிக்கிறது, நின்றால் விடுகிறது. இதில் எது இருந்தாலும் சோடாக் கடைக்குப் போகக்கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே பெரிதாகத் தெரியாமல், மூச்சு வாங்குவதும் அசதியும் மட்டும் வரலாம். பாபநாசம், வி.கே.புரம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஹைகிரவுண்ட் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பஸ்சுக்கு நின்றால் நேரம் போய்விடும். தானே பைக்கை ஓட்டிக்கொண்டு போவது அதைவிட மோசம். 108-க்குச் சொல்ல வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிற "இதயம் காப்போம்" திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கியது. அந்த மாத்திரைகள் பெட்டிக்கடை சோடா அல்ல. நேரத்தை வாங்கித் தருகிற மாத்திரைகள்.

இன்னொன்று. "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், பிழைத்துக்கொள்வீர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் சேதி பல வருஷமாகச் சுற்றிக்கொண்டு இருக்கிறது. சுத்தப் பொய். இருமிக்கொண்டு இருக்கிற நேரத்தில் போன் பண்ணலாம்.

"நாடகம்" என்று கேலி

நெஞ்சு வலியைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களும் உண்டு. காரணம் வேடிக்கையானது. போலீஸ் பிடித்தால் நெஞ்சு வலி, ஜாமீன் கிடைத்தால் வலி போச்சு என்று தமிழ்நாட்டில் டீக்கடைக்கு டீக்கடை ஒரு கேலி இருக்கிறது. 2023 ஜூன் 14-ந்தேதி அமலாக்கத்துறை அப்போதைய அமைச்சர் செந்தில்பாலாஜியைக் கைது செய்தபோது அவர் நெஞ்சு வலி என்று கதறினார். "நாடகம்" என்று சிரித்தவர்கள் ஏராளம். ஆஞ்சியோ எடுத்தால் 3 அடைப்பு! ஜூன் 21-ந்தேதி பைபாஸ் ஆபரேஷனே நடந்தது. வழக்கு வேறு, வலி வேறு. மூஞ்சியைப் பார்த்து நெஞ்சு வலியை நிஜமா பொய்யா என்று சொல்லக் கூடியவன் ஒருத்தனும் பிறக்கவில்லை.

விவேக் இறந்த அன்று

பயம் எப்படித் தொற்றுகிறது என்பதை நெல்லைக்காரர்கள் 2021-ல் கண்ணால் பார்த்தார்கள்.

நடிகர் விவேக்குக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கத்தில் உள்ள பெருங்கோட்டூர். நம்ம பக்கத்து ஆள். 2021 ஏப்ரல் 15-ந்தேதி சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போடுங்கள் என்று பேட்டி கொடுத்தார். மறுநாள் காலையில் மாரடைப்பு. 17-ந்தேதி விடியற்காலையில் இறந்தார். வயது 59. முக்கிய ரத்தக் குழாயில் 100 சதவீத அடைப்பு இருந்தது என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். ஊசி காரணம் இல்லை என்று மத்திய அரசின் குழுவும் அந்த வருஷம் அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. ஆனால் அறிக்கை வருகிற வரைக்கும் பயம் காத்திருக்குமா? ஊசி போட்டவர்களில் பலர் ராத்திரி படுத்துக்கொண்டு நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்கள். போடாதவர்கள் ஓடி ஒளிந்தார்கள்.

அதே வருஷம் அக்டோபர் 29-ந்தேதி பெங்களூரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்தார். வயது 46. தினமும் உடற்பயிற்சி செய்கிறவர். அவருக்கே இப்படியா என்று கர்நாடகமே கலங்கியது. அடுத்த சில நாட்களில் பெங்களூர் ஜெயதேவா இருதய ஆஸ்பத்திரியில் கூட்டம் அலைமோதியது! எனக்கும் நெஞ்சு வலிக்கிறது, எனக்கும் பார்த்துச் சொல்லுங்கள் என்று இளவட்டங்கள் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் இருதய நோயா வந்தது? நோய் வரவில்லை. கவனம் வந்தது. அதுவரை தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டு இருந்த இருதயத்தின் மேல் திடீர் என்று கவனம் போனது.

கொரோனாவுக்குப் பிறகு வந்த திடீர்ச் சாவுகளைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களிடம் ஆய்வு நடத்தி 2023-ல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்பதுதான் முடிவு. கொரோனாவால் ஆஸ்பத்திரியில் கிடந்தது, குடும்பத்தில் திடீர்ச் சாவு, அளவு மீறிய குடி, கடும் உடல் உழைப்பு இவைதான் காரணங்களாக நின்றன. வாட்ஸ்அப்பில் இது அவ்வளவாகச் சுற்றவில்லை.

மணி அடித்தது நிஜம்

சரி, கணக்கு எழுதுகிறவர் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒன்றும் இல்லை என்றால் எதற்கு வலிக்கிறது?

ராத்திரி நகைக்கடையில் அலாரம் அடிக்கிறது. போலீசார் ஓடி வந்து பார்க்கிறார்கள். பூட்டு அப்படியே இருக்கிறது. திருடன் இல்லை. ஒரு பூனை குறுக்கே ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். அலாரம் அடிக்கவே இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? மணி அடித்தது நிஜம். தெருவே கேட்டது. திருடன் வந்ததுதான் பொய்.

உடம்பிலும் அப்படித்தான். தெருநாய் துரத்தினால் ரத்தத்தில் அட்ரினலின் பாய்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. தசைகள் இறுகுகின்றன. மூச்சு வேகம் எடுக்கிறது. ஓடித் தப்பிக்கத்தான் இவ்வளவும். நாய் இல்லாமலே இந்த அலாரம் அடித்தால்? நெஞ்சுத் தசை இறுகுவதால் வலிக்கும். மூச்சை வேக வேகமாக வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால் விரல் மரத்துப் போகும், வாயோரம் குறுகுறுக்கும், தலை சுற்றும். இடது கை மரத்தால் என்ன நினைப்பு வரும்? "போச்சு, அட்டாக்தான்!" உடனே இன்னும் கொஞ்சம் அட்ரினலின். இன்னும் கொஞ்சம் படபடப்பு. இதைத்தான் டாக்டர்கள் பேனிக் அட்டாக் என்கிறார்கள். பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் உச்சிக்கு ஏறி, பிறகு தானாகவே இறங்கிவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் அதை அனுபவிக்கிறவருக்கு எமலோகம்தான்.

சிலருக்கு வேறு மாதிரி. ஓடிக்கொண்டு இருக்கிற துடிப்பு ஒன்று விட்டுப் போகிறது. அப்புறம் "டொம்" என்று ஒரு பெரிய அடி. பாதாளக் கரண்டியைக் கிணற்றில் போட்டது போல நெஞ்சுக்குள் ஒரு விழல். இருதயம் ஒரு துடிப்பை முன்கூட்டியே அடித்துவிட்டு, கொஞ்சம் நின்று, அடுத்ததைப் பலமாக அடிக்கிறது, அவ்வளவுதான் சங்கதி. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை அடிக்கிற எந்திரம். நல்ல இருதயத்திலும் சில துடிப்புகள் இப்படித் தடுக்கி விழும். தூக்கம் கெட்டால், டீ, காப்பி கூடினால், பீடி, புகையிலை போட்டால் கூடுதலாக விழும். அடிக்கடி வந்தால் 24 மணி நேரம் நெஞ்சில் கட்டி வைத்துப் பதிவு செய்கிற ஹோல்டர் கருவி இருக்கிறது. படபடப்போடு மயக்கம் போட்டு விழுந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

கப்பலுக்குக் காத்திருந்தவர்

இந்தக் கஷ்டம் இன்றைக்கு வந்தது அல்ல. 1831 டிசம்பர். இங்கிலாந்தில் பிளிமத் துறைமுகம். 22 வயது வாலிபர் ஒருவர் கப்பல் எப்போது புறப்படும் என்று வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிறார். உலகத்தைச் சுற்றி வரப் போகிற கப்பல். வீட்டை விட்டுப் பிரிகிற கவலை. நெஞ்சு படபடக்கிறது. இருதயத்துக்குப் பக்கத்தில் வலி. தனக்கு இருதய நோய்தான் என்று முடிவே கட்டிவிட்டார். டாக்டரிடம் போனாரா? போகவில்லை! "நீ கப்பலில் போக லாயக்கு இல்லை" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, யாரிடமும் மூச்சு விடாமல் கப்பல் ஏறினார்.

அவர்தான் சார்லஸ் டார்வின்! கப்பல் பீகிள். ஏறக்குறைய 5 வருஷம் மலை, காடு, தீவு எல்லாம் சுற்றினார். பிற்காலத்தில் இந்தக் கதையை அவரே எழுதி வைத்தார். 1882-ல் 73 வயதில் அவர் இறந்தது இருதயக் கோளாறால்தான் என்பது வேறு விஷயம். ஆனால் அது பிளிமத்தில் பயந்ததற்கு 50 வருஷம் கழித்து! அவர் டாக்டரிடம் போகாதது சரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் ஈ.சி.ஜி.யும் கிடையாது.

டார்வினாவது ஒரு ஆள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பட்டாளத்துக்காரர்களுக்கே இது வந்தது. நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்கல் என்று படுத்த சிப்பாய்களை டகோஸ்டா என்ற டாக்டர் பிலடெல்பியாவில் பரிசோதித்தார். 300 பேருக்கும் மேல். பெரும்பாலோர் இருதயத்தில் நோய் ஒன்றும் தெரியவில்லை. 1871-ல் அதைப் பற்றி எழுதினார். முதல் உலகப் போரிலும் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஆயிரக்கணக்கானோர் இதே குறையோடு வந்தார்கள். முதலில் எல்லாரையும் கட்டிலில் படுக்க வைத்தார்கள். படுக்க வைத்தவன் எழுந்திருக்கவே இல்லை; நான் இருதய நோயாளி என்று அவனே நம்பிவிட்டான். தாமஸ் லூயிஸ் என்ற டாக்டர் ஆட்களை எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டினார். பலர் தேறினார்கள். துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டிய ஆளுக்கே நெஞ்சு படபடத்திருக்கிறது. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைக்கு வந்தால் என்ன கேவலம்?

நாடியைப் பிடித்த கை

ஆனால் நம் கணக்குப்பிள்ளை என்ன செய்கிறார்? நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை. கடையில் பேரேட்டைத் திறக்கும்போது ஒரு தடவை. விரலில் மாட்டுகிற கருவி ஒன்று கொரோனா காலத்தில் வாங்கியது, அதில் ஒரு தடவை. 60 முதல் 100 வரை சாதாரணம். 96 வந்தால் 100-ஐ நெருங்கிவிட்டதே என்று பயம். பயத்தில் 104 ஆகிறது! ராத்திரி போனில் "இடது பக்கம் வலி" என்று தேடுகிறார். அது எமனைத் தவிர வேறு ஒன்றையும் காட்டுவது இல்லை.

நடப்பதை நிறுத்திவிட்டார். மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரி இல்லாத ஊருக்குக் கல்யாணத்துக்குக் கூடப் போவது இல்லை. குறுக்குத்துறையில் ஆற்றில் இறங்கிக் குளிப்பதையும் விட்டாயிற்று. தண்ணீருக்குள் நெஞ்சு பிடித்துக்கொண்டால்? மாமனார் சாவுக்குப் போனவர் பிணத்தைப் பார்க்காமலே வாசலோடு திரும்பினார். மாமனார் போனது மாரடைப்பில்.

உடம்பை இப்படிப் பொத்தி வைத்தால் என்ன ஆகும்? பழக்கம் விட்டுப் போகிறது. பத்துப் படி ஏறினாலே இருதயம் வேகமாக அடிக்கிறது. "பாத்தியா, நான் சொன்னேன்லா!"

பரிசோதனைக்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் தடவை முறையாகப் பார்த்து, டாக்டர் தேவை என்று சொன்னதை எல்லாம் எடுத்து, இருதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, புதிய அறிகுறி எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப எடுத்தால் பயம் தீருவது இல்லை. ஒரு ஈ.சி.ஜி. ஒரு வாரத்துக்கு நிம்மதி. அடுத்தது மூன்று நாள். அதற்கு அடுத்தது ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுகிற வரைக்கும்தான். "இந்த டாக்டர் சரியாப் பாத்திருக்க மாட்டாரோ?" ஆஞ்சியோ என்பது ரத்தக் குழாய்க்குள் குழாயை விட்டு, மருந்தைச் செலுத்திப் பார்க்கிற வேலை. தேவைப்பட்டவருக்கு உயிர் காக்கும். தேவை இல்லாதவர் ஆறுதலுக்காக எடுக்கிற படம் அல்ல அது. தவிர, சம்பளம் வாங்குகிற கையில் இருந்து மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் இப்படிப் போனால் பிள்ளைக்குப் பீஸ் கட்டுகிற கவலை தனியாக நெஞ்சைப் பிடிக்கும்!

பெண்களின் பாடு

ஆண்பிள்ளைக்கு நெஞ்சு வலி என்றால் ஆட்டோ வருகிறது. பெண்பிள்ளைக்கு என்றால் "டென்ஷன்" என்கிற ஒற்றை வார்த்தையோடு சரி. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் தட்டை வைத்துக் குனிந்தபடியே நாள் முழுக்க பீடி சுற்றுகிற பெண்கள் எத்தனையோ பேர். தோளும் நெஞ்சும் வலிக்காமல் என்ன செய்யும்? ரத்தச் சோகை இருந்தால் இருதயம் வேகமாக அடிக்கும். தைராய்டு சுரப்பி கூடுதலாக வேலை செய்தாலும் அடிக்கும், கையும் நடுங்கும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இரண்டும் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் பயம் என்று எழுதி அனுப்புவது அநியாயம். மாரடைப்பே பெண்களுக்கு வேறு மாதிரியாக வரலாம் என்பதை முன்பே பார்த்தோம். ஆகவே பயம் என்ற பேச்சு, மற்றதை எல்லாம் பார்த்து முடித்த பிறகு வர வேண்டிய பேச்சு.

"பைத்தியமா எனக்கு?"

பார்த்து முடித்தாயிற்று. பயம்தான் என்று தெரிந்தது. "மனநல டாக்டரைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் பாதிப்பேர் சீட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டுவிட்டு வருகிறார்கள். "நெஞ்சு வலின்னு வந்தா பைத்தியக்கார டாக்டர்ட்ட போகச் சொல்லுதாவ!" கோபம் வரத்தான் செய்யும். டாக்டரும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பூனை, அலாரம் கதையைச் சொல்லியிருந்தால் சீட்டு வாசலில் கிடக்காது. கூட்டத்தில் அதற்கு நேரம் ஏது என்பார்கள். அதுவும் உண்மைதான்.

அங்கே போனால் என்ன செய்வார்கள்? கட்டிப் போடவும் மாட்டார்கள், ஷாக்கும் கொடுக்க மாட்டார்கள். பேசுவார்கள். எப்போது வருகிறது, வந்தால் என்ன நினைக்கிறாய், நினைத்ததும் என்ன செய்கிறாய் என்று நூல் பிடித்துக் கேட்பார்கள். நாடி பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்வார்கள். பயந்து விட்டதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வைப்பார்கள். இன்றைக்குப் பத்துப் படி, அடுத்த வாரம் மாடி. மூச்சை மெதுவாக விடக் கற்றுக்கொடுப்பார்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். சிலருக்கு மாத்திரையும் உண்டு. அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் கேட்கவில்லை என்று தானாக நிறுத்தக்கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை இதற்கு வைத்தியம் அல்ல. அது வேறு ஒரு வம்பில் கொண்டு போய்விடும். இப்படிப் பேசிச் செய்கிற சிகிச்சையால் நெஞ்சு வலியே குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாருக்கும் முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது.

1965-ல் தொடங்கிய நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருதயத்துக்கும் மனநலத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். ராத்திரி 2 மணிக்கும் எடுப்பார்கள். ஆனால் முதல் தடவை வருகிற வலிக்கும், மேலே சொன்ன பாறாங்கல் வலிக்கும் அந்த எண் அல்ல. அதற்கு 108.

வீட்டில் இருக்கிறவர்கள் பாடும் லேசு அல்ல. "ஒண்ணுமில்ல, சும்மா கெடங்க" என்று அதட்டினால் அவருக்கு ஆத்திரம். ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடித்தால் அவருக்குப் பயம் கூடுகிறது. டவுன் சந்து வீட்டு அம்மாளுக்குக் கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. டாக்டர் சொல்லிக் கொடுத்ததுதான். ராத்திரி அவர் எழுந்து உட்கார்ந்தால் விளக்கைப் போட்டு, கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறாள்.

"டாக்டர் சொன்னாவள்லா, பத்து நிமிஷம். கை பரவுதா? கல்லு வச்ச மாதிரி இருக்கா? இல்லல்லா? அப்பம் கடியாரத்தப் பாத்துக்கிட்டு இரிங்க. நானும் முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

2.10. 2.14. 2.20-க்கு அவர் தண்ணீர் கேட்கிறார். குடித்துவிட்டு, நாளைக்கு ஸ்டாக் எடுக்கணும், சீக்கிரம் எழுப்பு என்கிறார். அவள் விளக்கை அணைக்கிறாள்.